சாம்பியனின் உணர்வொட்டு

அயனோ காலைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, யாரோ ஒரு பெண்ணின் பிரசவத்தைப் பிடரியில் ஒட்டிக்கொண்டாள். குழந்தை அழுத இடத்தில் அவளுக்கும் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சிவிட்டு ஊறுகாய்த் தட்டைக் கணவன் நகாமாவின் பக்கம் நகர்த்தினாள்.

செவ்வாயின் குவிமாட நகரத்தில் எல்லா வீட்டிலும் விடிவது இப்படித்தான். உணர்வொட்டு விரல்நக அளவுதான் இருக்கும். ஒருவர் கண்டதையும் உணர்ந்ததையும் மற்றவர் உடம்பில் நிகழ்த்தும். நினைத்ததைச் சொல்லாது.

நகாமா தான் ஒட்டவேண்டியதைக் கையிலேயே வைத்திருந்தான். அது ஹிகாவின் உணர்வொட்டு. போன மாதம் கிக்பாக்ஸிங் பட்டத்துக்காக நகாமாவை வீழ்த்திய இரவில் பதிவானது. மறுமோதலுக்கு வருகிறானா என்று போட்டி நடத்துபவர்களுக்கு இன்று பதில் சொல்லியாக வேண்டும். இன்னொரு மோதலை நகாமாவின் முழங்கால் தாங்காது என்று மருத்துவர் சொல்லியாயிற்று.

"வேணாங்க," என்றாள் அயனோ. "அவரு பேரக் கேட்டாலே உங்களுக்கு வயிறு எரியுது. காலங்காத்தால எதுக்கு?"

"எரியறதுக்குத்தான் மருந்து இது. அவன்கிட்ட அப்படி என்ன இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். நிஜமாவே இருந்தா ஒதுங்கிடறேன்."

நகாமாவும் ஹிகாவும் ஜப்பானில், ஒகினாவாவில், ஒரே கராத்தே கூடத்தில் வளர்ந்தவர்கள். அங்கே ஜெயித்தவன் துள்ளினால் ஜெயித்தது செல்லாது. சிறுவயதில் நகாமா ஒரே ஒருமுறை ஹிகாவை வீழ்த்தினான். கையை உயர்த்திக் கத்தினான். நடுவர் வெற்றியை ரத்து செய்தார். ஹிகா துள்ளியதே இல்லை.

பிறகு கிக்பாக்ஸிங்குக்கு வந்தார்கள். செவ்வாய்க்கும் வந்தார்கள். இங்கே ஈர்ப்பு குறைவு. கால் எளிதில் எழும், இறங்கத்தான் நேரமாகும். மற்றவர்கள் மிதந்து தடுமாற, ஹிகா மட்டும் கராத்தேக்காரனாகத் தரையைப் பிடித்து நின்று உதைத்தான். வென்றவர்கள் கயிற்றில் ஏறிக் கூத்தாடும் மேடையில், தலை வணங்கிவிட்டு இறங்கிப் போனான். பட்டத்தைக்கூட நகாமா மன்னித்துவிடுவான். சலனமே இல்லாத அந்த முகத்தைத்தான் முடியவில்லை. உள்ளே எவ்வளவு நிறைந்திருந்தால் ஒருவன் அப்படி இருப்பான்!

ஒட்டிக்கொண்டான்.

முதலில் கணைக்காலில் வலி. மணி அடித்தது. நடுவர் கையைத் தூக்கினார். அரங்கு அதிர்ந்தது. நகாமா அமைதிக்காகக் காத்திருந்தான்.

வந்தது எரிச்சல். அடிவயிற்றில் தொடங்கித் தொண்டைவரை. அவனுக்குப் பழகிய எரிச்சல்தான். ஹிகாவின் கண்கள் பட்டத்தின் பக்கம் போகவே இல்லை, எதிர்மூலையையே பார்த்தன. அங்கே நகாமா வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான். அயனோ அவன் மூக்கைத் துடைத்தபடி ஏதோ திட்ட, அழுகைக்கு நடுவே சிரித்தான். எரிச்சல் உச்சிக்கு ஏறியது. ஹிகா தலை வணங்கினான்.

நகாமா ஒட்டைப் பிய்த்தெடுத்தான்.

"என்ன, ரொம்ப நிறைவா இருக்காரா?"

"என்னப் பார்த்துப் பொறாமைப்படறான், அயனோ."

அவள் கஞ்சி சிந்தச் சிரித்தாள். "உங்களப் பார்த்தா? நல்லாப் பாத்தீங்களா? அப்புறமென்ன, தீர்ந்துச்சு. வரலன்னு சொல்லிடுங்க."

அவனும் சிரித்தான். தொலைபேசியை எடுத்தான். வைத்தான். என்னவோ உறுத்தியது. மறுபடி ஒட்டிக்கொண்டு கடைசிவரை இருந்தான். எடுத்தபோது முகம் தொங்கியிருந்தது.

"இப்ப என்ன?"

"இத்தன வருஷமா வயிறெரிஞ்சிருக்கேன். இந்த அளவுக்கு எனக்கு ஒருநாளும் எரிஞ்சதில்ல." தொலைபேசியை இழுத்துக்கொண்டான். "இதுலயும் அவன்தான் மேல. சண்டைக்கு வர்றேன்னு சொல்லப்போறேன்."