தழை போடாமல் வந்த இறக்கம்

இறக்கத்தில் சைக்கிள் கனத்தது.

தங்கராஜா முதலில் நம்பவில்லை. ஏற்றத்தில் கனத்தால் நியாயம் இருக்கிறது. லுணுகலைப் பக்கம் ஆற்றை நோக்கிச் சரிகிற அந்த ரோட்டில் மிதிக்காமலே பறக்க வேண்டிய வண்டி, பின்னால் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் ஒருமுறை அமுங்கி, பிறகு முனகிக்கொண்டே உருண்டது. திரும்பிப் பார்த்தான். கேரியரில் அவனுடைய கோட்டு மட்டும் கட்டிக் கிடந்தது. நண்பர்கள் மயில்வாகனமும் புஹாரியும் முன்னால் கூவிக்கொண்டு போனார்கள்.

மூவரும் பதுளைக் கடைத்தெருப் பிள்ளைகள். பிரான்சு தேசத்துக் கனவான்கள் ஆற்றோரக் கோட்டைகளைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்கிற படத்தை ஏதோ பத்திரிகையில் கண்ட நாள் முதல் மயில்வாகனத்துக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம பக்கமும் ஆறு இருக்கு, கோட்டை இருக்கு. வேற என்ன வேணும்?" கோட்டை என்று அவன் சொன்னது, கோப்பித் தோட்டத் துரைமார் கோபுரம் வைத்துக் கட்டிய கருங்கல் பங்களாக்களை. கோப்பிச் செடி நோயில் செத்தது, துரைமார் கப்பல் ஏறினார்கள், கோபுரத்தில் வௌவால் குடியேறியது. கல் சுமந்தவர்களைப் பற்றி யார் கேட்டார்கள்? தீபாவளி லீவில் மூவரும் கிளம்பினார்கள். தங்கராஜாவுக்குக் கோட்டையில் ஆசை இல்லை. இந்தத் தடவை வராவிட்டால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள் என்ற பயம்தான் அவனை இழுத்து வந்தது.

சற்று முன், இறக்கம் தொடங்கும் முடக்கில் பச்சைத் தழை குவிந்து கிடந்தது. தோட்டத்து ஆட்கள் ஒரு கொப்பை ஒடித்துப் போடாமல் அந்த இடத்தைத் தாண்டுவதில்லை. விறகுக் கட்டோடு நின்ற ஒரு பெண் கையை நீட்டிக் கத்தினாள்.

"ஐயா, எறங்கி ஒரு தழை போட்டுட்டுப் போங்கய்யா! கீழ காத்துக்கிட்டு இருக்காங்க!"

"இந்த எறக்கத்துல எவன் நிப்பாட்டுவான்?" என்று சிரித்தான் மயில்வாகனம். நடக்கிறவன் நிற்பான். உருள்கிறவனுக்கு நிற்க மனம் வருமா? தங்கராஜாவின் கை பிரேக்குக்குப் போனது. பின்தங்கிவிடுவோமே என்று அழுத்தவில்லை.

இறக்கம் முடிந்து, பார்க்க மீதியிருந்த கடைசிப் பங்களாவுக்கான ஏற்றம் தொடங்கியது. கனம் கூடியது. புஹாரி இறங்கி வந்து வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றினான். அது தடையில்லாமல் சுற்றியது.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மச்சான். உனக்குத்தான் மூச்சு இல்ல."

தங்கராஜா ஏறி உட்கார்ந்ததும் கனம் திரும்ப வந்தது. இப்போது ஈரக் கம்பளியின் முடை நாற்றமும், அதற்குள்ளிருந்து காய்ச்சல் வேர்வையின் புளிப்பும் வந்தன. முதுகின் கீழே ஒடுங்கிய இரண்டு முழங்கால்கள் முட்டிக்கொண்டிருக்க, பிடரியில் ஒரு மூச்சு சூடாக விழுந்து, நின்று, மறுபடி விழுந்தது.

யாரென்று அவனுக்குத் தெரியும். கடை வைப்பதற்கு முன் அவன் அப்பா கங்காணி. தோட்ட வேலைக்கென்று கடல் தாண்டி மன்னாரில் இறங்கிய சனங்களைக் காட்டு வழியே நடத்திக்கொண்டு வந்தவர். வாந்திபேதி கண்டு இந்த ஏற்றத்தை ஏற முடியாமல் விழுந்தவர்களை ரோட்டோரம் உட்காரவைத்து, முன்னால் ஒரு சிரட்டைத் தண்ணீரை வைத்து, "இங்கயே இரு, திரும்பி வந்து கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். சோறு தின்றுகொண்டே அப்பா இதைச் சொல்வார். "சும்மா விட்டுட்டு வரல. தண்ணி வச்சிட்டுத்தான் வந்தோம்." அதில் பெருமை வேறு! அவர் இன்றும் நன்றாகத் தூங்குகிறார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். தின்றது அவர், தாகம் இவனுக்கு.

தங்கராஜா விழுந்தான். எழுந்திருக்கக் கால் வரவில்லை.

மயில்வாகனம் வானத்தைப் பார்த்தான். "இருட்டுறதுக்குள்ள பங்களாவப் பாக்கணும்டா." தண்ணீர்ப் போத்தலை அவன் முன்னால் வைத்தான். "இங்கயே இரு. திரும்பி வந்து கூட்டிட்டுப் போறோம்."

அதே சொல். ஓர் எழுத்து பிசகவில்லை.

"போகாதீங்கடா! ஒருத்தனாவது இருங்கடா!"

"சின்னப் புள்ளையாடா நீ?" என்று புஹாரி சிரித்தான். அவர்களுடைய மணிச் சத்தம் மேலே போய்த் தேய்ந்தது.

பனி இறங்கியது. ரோடு மறைந்தது. கீழே ஆற்றின் சத்தமும் நின்றது. நண்பர்களா இவர்கள்? தங்கராஜா அழுதுகொண்டே பக்கத்துச் செடியில் ஒரு கொப்பை ஒடித்துத் தன் முன்னால் போட்டான்.

முதுகில் கனம் இறங்கியது.

அப்பாடா என்று மூச்சு விட்டான். அப்போது சங்கிலி கடகடத்தது. அவனுடைய சைக்கிள். விழுந்து கிடந்த இடத்தில் இல்லை. பனிக்குள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. லேசாக.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மேலே சிரிப்பு. மணிகள். ஒன்று. இரண்டு.

மூன்று.

மயில்வாகனம் கடந்தான். தங்கராஜா கத்தினான். குரல் வரவில்லை. புஹாரி பின்னால் திரும்பிக் கேட்டான்.

"இப்ப வண்டி எப்பிடி மச்சான்?"

"இப்ப கனமே இல்ல."

அது தங்கராஜாவின் குரல். அவனுடைய கோட்டு. கழுத்துக்கு மேலே தலையை மூடிய ஈரக் கம்பளி. சக்கரம் உட்கார்ந்திருந்தவன் காலை உரசிக்கொண்டு போனது. ஒருவனும் நிற்கவில்லை. இறக்கம்.

பனி கொஞ்சம் விலகியது.

ரோட்டோரம் நெடுக உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள். பெண்கள். மடியில் பிள்ளையோடு ஒருத்தி. எல்லா முகமும் ரோட்டைப் பார்த்தபடி. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சிரட்டை. அவன் தன் முன்னால் பார்த்தான். போத்தல் இல்லை. சிரட்டைதான் இருந்தது.

பிள்ளைக்காரி கம்பளியை இழுத்துக்கொண்டு, சற்று நகர்ந்து, அவனுக்கு இடம் விட்டாள்.