ஃபேனை நிறுத்திய விரல்

தையல் அறையின் ஃபேன் மறுபடியும் நின்றிருந்தது.

வெளியே நல்ல வெயில். பள்ளிக்கூடப் பையை இறக்கி வைக்கும் முன்பே போலீஸ் அதைக் கவனித்துவிட்டாள். மின்சாரம் போகவில்லை, அடுக்களையில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

எதையும் சந்தேகப்பட்டு விசாரிப்பதால் வீட்டில் அவளுக்குப் போலீஸ் என்று பெயர். ஒருமுறை காணாமல்போன ரப்பருக்காக வகுப்பையே விசாரித்தாள். கடைசியில் அது அவள் பையிலேயே கிடைத்தது. அதிலிருந்து அவளுக்குத் தன் மேலேயே கொஞ்சம் சந்தேகம்.

"சித்தி, ஃபேனை யார் நிறுத்தினது?"

"தெரியலையே. காலர் தைக்கிற அவசரத்துல நான் கவனிக்கல," என்றாள் சித்தி, தலை நிமிராமல். துணிக்கடைக்குச் சட்டைக் காலர் தைத்துக் கொடுப்பது அவள் வேலை.

மாலையில் வேலையிலிருந்து திரும்பிய அம்மா நேராகத் தம்பியைப் பிடித்தாள். ஒல்லியாக இருப்பதால் அவன் பெயர் குண்டூசி.

"உன் சீட்டுக்கட்டு வீடு காத்துல விழுதுன்னு ஃபேனை நிறுத்துறியா? சித்தி வேர்வையில உக்காந்து தைக்கணுமா? இனிமே தையல் ரூம் பக்கம் தலைவச்சுப் படுக்காதே."

குண்டூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்காவிடம் வந்தான். "நான் செய்யலக்கா. நீ கண்டுபிடி."

"நான் சந்தேகப்படறவங்கள்ல நீயும் ஒருத்தன்."

"உன் சந்தேகத்துல யார்தான் இல்ல?"

மறுநாள் காலையில் ஃபேனைச் சுழலவிட்ட போலீஸ், அதன் சுவிட்சில் இளஞ்சிவப்புச் சாக்பீஸைத் தேய்த்து வைத்தாள். சித்தி துணியில் கோடு போடுவது வெள்ளைச் சாக்கட்டியால். அதனால் குழப்பம் வராது.

மாலை வீடு திரும்பியபோது ஃபேன் நின்றிருந்தது. முதலில் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு குண்டூசியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மண் இருந்தது, மை இருந்தது, சாக்பீஸ் மட்டும் இல்லை.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. சித்தியின் ஆள்காட்டி விரல் நுனி இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த வெக்கையிலும் சித்தி இரண்டு உள்ளங்கைகளாலும் சுடுதண்ணீர்த் தம்ளரை அணைத்துப் பிடித்திருந்தாள்.

"இன்னிக்கும் நிறுத்திட்டியாடா?" என்று அம்மா ஆரம்பித்தாள்.

சித்தி சட்டென்று விரலை மடக்கிக்கொண்டாள். போலீஸ் அதையும் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. ஆனால் ஒரு ஃபேனுக்காகப் பெரியவர்கள் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"குண்டூசி இல்லம்மா. அது நிச்சயம்," என்றாள்.

"பின்னே யாரு?"

"விசாரணை நடக்குது."

சாப்பாடு முடிந்ததும் தையல் அறைக்குப் போய்ச் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க விரல்ல என் சாக்பீஸ் இருக்கு சித்தி."

மிஷின் நின்றது.

"எனக்குக் குளிருதுடி," என்றாள் சித்தி மெதுவாக. குரல் கரகரத்தது. "எல்லாருக்கும் வேர்க்குது, எனக்கு மட்டும் நடுங்குது. உக்காந்த இடத்துலயே தூங்கி வழியறேன். இனியும் லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறேன்னு கடைக்காரர் சொல்லிட்டார். குளிருதுன்னும் சொன்னா, உங்கம்மா என்னைச் சோம்பேறின்னு நினைப்பா."

போலீஸ் அவள் கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. கூடவே வேறொன்றும் உறுத்தியது. சித்தி தனக்கென்று தைத்துப் போட்டிருந்த காலர் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. "நீங்க மேல் பொத்தான் போடாம இருக்க மாட்டீங்களே?"

"துணி மட்டம். தோய்ச்சதும் சுருங்கிடுச்சு. என் சட்டை எல்லாமே அப்படித்தான்."

"எல்லாத் துணியும் ஒரே மாதிரியா சுருங்கும்?"

சித்தி தன் சட்டைகளுக்கென்று அளவாக வெட்டி வைத்திருக்கும் காலர் அட்டை ஆணியில் தொங்கியது. போலீஸ் அதை எடுத்துச் சித்தியின் துவைத்த சட்டை ஒன்றின் மேல் வைத்தாள். அட்டையும் காலரும் இம்மி பிசகாமல் பொருந்தின. துணி சுருங்கவே இல்லை.

டேப்பை எடுத்துச் சித்தியின் கழுத்தைச் சுற்றினாள். இரண்டு முறை அளந்தாள். இரண்டு முறையும் காலர் அளவைவிடக் கூடுதலாகவே வந்தது. சித்தி குனிந்து டேப்பைப் பார்த்தாள். வருகிறவர் போகிறவர் கழுத்தையெல்லாம் அளந்தவளுக்குத் தன் கழுத்தை அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

"கழுத்துதான் பெருத்திருக்கு சித்தி. அங்கே வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இருக்காம். பேரு தைராய்டு. எங்க அறிவியல் பாடத்துல படம் இருக்கு. அது சுரக்கிற ஹார்மோன் ரத்தத்துல போய், உடம்பு எவ்வளவு வேகமா ஓடணும்னு சொல்லும். உங்க மிஷின் பெடல் மாதிரி. அழுத்தம் குறைஞ்சா குளிரும், தூக்கம் தூக்கமா வரும்."

"எனக்கு அதுதானா?"

போலீஸ் தயங்கினாள். "தெரியல. ரப்பர் விஷயத்துல நான் தப்பாத்தானே சொன்னேன்? டாக்டர்கிட்ட போலாம். முதல்ல அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

சித்தி சொன்னாள். அம்மா எழுந்து போய்க் கம்பளியைக் கொண்டுவந்து அவள் மேல் போர்த்தினாள். "குளிருதுன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?" என்று கேட்டுக்கொண்டே கம்பளியின் ஓரங்களை இழுத்துச் செருகினாள்.

டாக்டரம்மா சித்தியைத் தண்ணீர் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் சொன்னார்: "மூளைக்கு அடியில பட்டாணி அளவுல பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. 'வேலை செய், வேலை செய்'னு அது தைராய்டை விரட்டிக்கிட்டே இருக்கு. தைராய்டாலதான் முடியல. தினமும் காலையில வெறும் வயித்துல மாத்திரை போடுங்க. மெதுவாத்தான் சரியாகும். இது சோம்பேறித்தனம் இல்லம்மா."

கடைசி வார்த்தையைக் கேட்டுச் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சித்திக்குச் சரியாகும்வரை காலர் தாமதமாகக் கூடாதே. அம்மா இஸ்திரி போட்டாள். போலீஸ் நூல் பிசிறு வெட்டினாள். தைத்த காலரைத் திருப்பி முனையைக் கூராகத் தள்ளிவிடக் குண்டூசியின் ஒல்லி விரல்கள் வெகு பொருத்தம். தையல் அறைக்குள் போக அவனுக்குத் தடை நீங்கியது. கடைக்காரரும் வேறு ஆளைத் தேடவில்லை.

வாரங்கள் போயின. சித்தியின் மிஷின் பழையபடி கடகடவென்று ஓடியது. ஒரு மதியம் அது திடீரென்று நின்றது.

"யாரு ஃபேனை நிறுத்தினது? வேர்த்துக் கொட்டுது எனக்கு," என்று சித்தி கத்தினாள்.

போலீஸ் ஓடி வந்தாள். சுவிட்சின் அடியில், பாதி கட்டிய சீட்டுக்கட்டு வீட்டோடு குண்டூசி உட்கார்ந்திருந்தான்.

"நான்தான்," என்றான் நிதானமாக, அடுத்த சீட்டை நிறுத்திக்கொண்டே. "இதுக்குத் திட்டு எல்லாம் நான் அப்பவே வாங்கிட்டேன்."