வீட்டுக்கடலில் உப்பு

தூத்துக்குடியில் புதிதாகக் கல்யாணமான வீடுகளில், காலையில் காபிக்கு முன்னால் வீட்டுக்கடலைத்தான் பார்ப்பார்கள். ஜெனோவாவும் பார்த்தாள். கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் குறித்த கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒற்றைக் கோமாளி மீன் மூலையில் வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டிருந்தது.

"சீ, உனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலையேன்!" என்று திட்டிக்கொண்டே உப்புத்தூள் கரைத்த தண்ணீரைக் கோடுவரை ஊற்றினாள்.

வெளியே இருந்த நிஜக் கடல் எப்போதோ செத்துப்போயிருந்தது. மிஞ்சிய உயிர்களை வீடுவீடாகப் பிரித்துக் கொடுத்த அரசு, கூடவே ஒரு சட்டமும் போட்டது: ஒரு வருடம் வீட்டுக்கடலைக் காப்பாற்றுகிறவர்களுக்கே பிள்ளை பெற அனுமதி. அளக்கும் கருவி எதையும் வீட்டில் வைக்கக் கூடாது. கைக்குழந்தை வாய்விட்டுச் சொல்லுமா என்ன, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

முதல் கடலில், தண்ணீர் நிரப்பிய அன்றே, அது பக்குவப்படுமுன் ஆசை ஆசையாக மீனை விட்டுக் கொன்றார்கள். இரண்டாவதில், சுத்தம் சுத்தம் என்று வடிகட்டிப் பஞ்சை சோப்புப் போட்டுத் துவைத்தே கொன்றாள். இது மூன்றாவது, அரசு தரும் கடைசிக் கடல். இன்றோடு வருடம் முடிகிறது.

வருடச் சோதனைக்கு அரசு அனுப்பிய கடலளவர் பிரமிளா வந்து உப்புமானியைத் தொட்டியில் முக்கியதுமே முகம் சுளித்தாள்.

"குறைஞ்ச தண்ணிக்கு என்னம்மா ஊத்துதீங்க?"

"கடலாச்சே, உப்புத் தண்ணிதான்."

"வெயில்ல தண்ணி மட்டுந்தான் போகும், உப்பு அங்கனயேதான் கெடக்கும். நல்ல தண்ணில்லா ஊத்தணும்!" பிரமிளா மறுபடியும் பார்த்தாள். "ஆனா அதுக்கே இவ்வளவு ஏறாதே. வேற யாரு கை வச்சது?"

வாசலில் நின்ற ஜெனோவாவின் கணவன் லெரின் உள்ளே வந்தான். "நீ நல்ல தண்ணி ஊத்துதன்னு நெனச்சேன். போன வாரம் மீன் வாடுச்சா, உப்பு பத்தலன்னு தெனமும் ஒரு கை போட்டேன்."

ஒரே குழம்புக்கு இரண்டு பேர் உப்புப் போட்டிருக்கிறார்கள்.

"அட பாவி மனுசா! ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"மீனுக்கு முடியலன்னா நீ பயந்துருவியேன்னுதான்."

அவளும் அதே காரணத்துக்காகத்தான் அவனிடம் மூச்சுவிடவில்லை. அதை நினைக்க இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் மீன் செத்து ஒருக்களித்து மேலே வந்துவிட்டது. பிரமிளா உப்புமானியைத் துடைத்துப் பையில் போட்டாள்.

"இனி இந்த வீட்டுல இருந்து பிள்ளைக்கு மனு எடுக்க மாட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

உப்புத் தண்ணீர் வாளியை லெரின் தலையில் கவிழ்க்கத்தான் ஜெனோவா தூக்கினாள். அதற்குள் அவன் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டான். அதிலும் அவன் முந்திக்கொண்டது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.