ஒன்பது செகண்ட் இருட்டு!

"ஐயோ...!"

அலறல் ஸ்டேடியத்தின் மேற்குக் கூரையில் கிளம்பியது. காலி நாற்காலிகளுக்கு மேலே பறந்தது. சிமென்ட் தரையில் 'தொப்'பென்று முடிந்தது.

மணி பதினொன்று இருபது.

சரியாக நாற்பது நிமிடம் கழித்து இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கினாள். பிணத்தைப் பார்த்ததுமே அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

விளம்பரப் பேனர் ஒன்றை எடுத்துப் போர்த்தியிருந்தார்கள்! பேனரில் ஒரு பெண் குளிர்பான பாட்டிலோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வேற துணியே கிடைக்கலையா?"

"அவசரத்துக்கு இதுதான் மேடம் கிடைச்சுது." ஸ்டேடியம் மேனேஜர் ஒரு காகிதத்தோடு ஓடி வந்தார். "மூணு மணிக்கு மேட்சுக்குக் கேட் திறக்கணும். நாப்பதாயிரம் டிக்கெட் வித்தாச்சு. 'பாதுகாப்புக்குக் குறைவில்லை'ன்னு நீங்க ஒரே ஒரு கையெழுத்து..."

"செத்தது யாரு?"

"எங்க லேசர் டெக்னீஷியன். அவன்தான் இதுல கையெழுத்துப் போடணும். பாருங்க... போடாமலே போய்ட்டான்!"

சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டவனைத் திட்டுகிற மாதிரி இருந்தது பேச்சு. இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏட்டு சல்யூட் அடித்தார்.

"கேஸ் முடிஞ்ச மாதிரிதான் மேடம்! கூரையில புறா விரட்டற ஆளு. செத்தவனுக்கு மச்சான். பொண்டாட்டியோட அண்ணன். காலையில ரெண்டு பேருக்கும் பெரிய வாய்ச்சண்டை. அவன்தான் தள்ளியிருக்கான்."

"நீங்க பார்த்தீங்களா?"

"தள்ளினதைப் பார்க்கலை. நான் கேட்ல பந்தோபஸ்து. அலறல் கேட்டு ஓடி வந்தேன். பதினொண்ணு இருபத்தி மூணுக்கு இவன் பிணத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தான். அப்படியே அமுக்கிட்டேன்!"

வேனுக்குள் புறாக்காரர் கை கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தார். பத்தடி தள்ளி, நடைபாதையில் அவருடைய தங்கை. கணவன் செத்த முக்கால் மணி நேரத்தில் அழுது அழுது குரலே போய்விட்டது. வேனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நான் எதிர்க் கூரையில இருந்தேம்மா..." என்றார் புறாக்காரர். "அலறல் கேட்டுத்தான் திரும்பினேன். மாப்பிள்ளை விழறதை மட்டும்தான் பார்த்தேன். விழுந்தடிச்சு ஓடி வந்தேன்."

"காலையில என்ன சண்டை?"

"லேசர் பெட்டிக் கண்ணாடியில புறா எச்சம் போட்டுடுச்சு. 'என்னத்த விரட்டறீங்க மச்சான்?'னு கத்தினான். நானும் கத்தினேன். அவ்ளோதாம்மா! என் தங்கச்சியை நானே தாலி அறுக்க வைப்பேனா?"

"அவங்களுக்கு யாரு சொன்னது?"

"சிக்னல் சார். 'உங்கண்ணன்தான் தள்ளிட்டான்'னு ஃபோன் போட்டுச் சொல்லிட்டாரு. நான் ஜெயிலுக்கு வேணும்னாலும் போறேம்மா... அவளை ஒரே ஒரு தடவை திரும்பி என் மூஞ்சியைப் பாக்கச் சொல்லுங்க!"

விசாரணையே தொடங்கவில்லை. அதற்குள் தீர்ப்பு!

"யாரு அந்த சிக்னல் சார்?"

"நெட்வொர்க் தலைமை இன்ஜினியர் மேடம்," என்றார் மேனேஜர். "எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"கூரைக் கதவுக்கு எத்தனை சாவி?"

"மூணே மூணு. செத்தவன்கிட்ட ஒண்ணு, புறாக்காரன்கிட்ட ஒண்ணு, சிக்னல் சார்கிட்ட ஒண்ணு."

ஏட்டும் மேனேஜரும் பின்னால் வர, கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்தாள். ஏ.சி. எலும்பைக் குத்தியது. கஞ்சி போட்ட சட்டையில் சிக்னல் சார்... சாப்பிட்டுக்கொண்டிருந்தார்! ஜன்னலுக்கு நேர் கீழே பிணம்.

"வாங்க மேடம்! ஒரு வாய் சாப்பிடறீங்களா?"

"பசிக்கலை."



அவர் விரலை நக்கிவிட்டு, பேப்பரில் துடைத்துக்கொண்டு, பெரிய திரையைக் காட்டினார்.

"நம்ம ஸ்டேடியத்துல வயரே கிடையாது மேடம். மேற்குக் கூரையில ஒரு பெட்டி, கிழக்குக் கூரையில ஒரு பெட்டி. நடுவுல கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. மொத்த நெட்டும் அதுலதான் ஓடுது! டிக்கெட் மெஷின், கேமரா, அவசர வழிக் கதவு, ஆம்புலன்ஸ்காரங்க பேச்சு... எல்லாம்!"

"நடுவுல எதாவது மறைச்சா?"

"அந்த செகண்டே கட்! திரையில கறுப்பா கோடு விழும். குறுக்கே புறா பறந்தா அரை செகண்ட் கூட இருக்காது. கண்ணாடியில எச்சம் விழுந்தாத்தான் தலைவலி. காலையில சிக்னல் பலம் பாருங்க... அறுபத்தொண்ணு சதவீதம்! அந்தச் சண்டைக்கு இதான் காரணம். எழுதிக்குங்க."

"இப்ப எவ்ளோ?"

"தொண்ணூத்தெட்டு!"

பெற்ற பிள்ளை ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்த மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

"கண்ணாடியைத் துடைச்சது யாரு?"

"செத்தவன்தான். அதுக்குத்தானே மேல போனான்! துடைச்சு முடிச்சான். மச்சான் வந்து தள்ளிட்டான். இதுல என்ன மேடம் குழப்பம்?"

"எனக்குக் குழப்பம்தான். பதினொண்ணு இருபதைக் காட்டுங்க."

திரை நகர்ந்தது.

அறுபத்தொன்று.

"அடுத்து?"

சிக்னல் சாரின் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் அந்தக் கையை ஒதுக்கிவிட்டு மவுஸைத் தானே நகர்த்தினாள். இருபத்தொன்று... அறுபத்தொன்று. இருபத்தைந்து... அறுபத்தொன்று. இருபத்தாறு...

திரையில் ஒரு கறுப்புப் பட்டை! ஒன்பது செகண்ட் இருட்டு. அது முடிந்ததும் விறுவிறுவென்று ஏறி... தொண்ணூற்றெட்டு!

"இருபதுக்கு விழுந்து செத்தவன், இருபத்தாறுக்கு ஏறி வந்து துடைச்சுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டானா சார்?"

"அது... புறா வந்து உட்கார்ந்திருக்கும்!"

"உட்கார்ந்து, துடைச்சும் விட்டுடுச்சா?"



"ஏட்டு! இருபத்தாறுக்குப் புறாக்காரர் எங்க இருந்தார்?"

"என்... என் பிடியில மேடம்."

"செத்தவன் சாவி?"

"அவன் சட்டைப்பையிலயே இருக்கு மேடம்."

"மிச்சம் ஒரு சாவி." அவள் கையை நீட்டினாள். "வேர்க்குது சார். உங்க கர்ச்சீப்பைக் கொஞ்சம் குடுங்க."

அந்த ஏ.சி.யில் வேர்த்தது அவருக்குத்தான்! பழக்க தோஷத்தில் கை பேன்ட் பாக்கெட்டுக்குப் போனது... பாதியில் நின்றது.

ஏட்டு கையைவிட்டு உருவினார்.

வெள்ளைக் கர்ச்சீப். நாலாக மடித்து வைத்திருந்தது. பிரித்தால்... பச்சையும் வெள்ளையுமாகப் புறா எச்சம் அப்பியிருந்தது. நாற்றம் அறையைப் பிடித்துக்கொண்டது.

மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அவன் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டான்..." சிக்னல் சார் நாற்காலியில் சரிந்தார். "தரைக்கடியில மாத்து வயர் போடலை. 'இந்த ஒளி ஒரு தடவை அணைஞ்சா அவசர வழிக் கதவு திறக்காது, உள்ள இருக்கற ஜனம் மாட்டிக்கும், மைக்லயே சொல்லப்போறேன்'னான். ஆத்திரத்துல தள்ளிட்டேன்!"

"தள்ளினதும் இறங்கியிருக்கலாமே? ஆறு நிமிஷம் மேல என்ன பண்ணினீங்க?"

"ஒளிஞ்சிருந்தேன். எல்லாரும் பிணத்துகிட்ட ஓடட்டும்னு. அப்பதான் ஃபோன்ல பார்த்தேன்... அறுபத்தொண்ணு!" அவர் நிஜமான வருத்தத்தோடு நிமிர்ந்தார். "மேட்ச் நாள் மேடம். கண்ணாடியை அழுக்கா விட்டுட்டு எப்படி இறங்கி வர்றது?"

இன்ஸ்பெக்டர் இருபது வருஷத்தில் எத்தனையோ கொலைகாரர்களைப் பார்த்திருக்கிறாள். அழுதவன், சிரித்தவன், மயங்கி விழுந்தவன். இந்த ரகம் புதிது.

"கீழ ஒரு மனுஷன் உடைஞ்சு கிடக்கான்... உன் கண்ணுக்குக் கண்ணாடி அழுக்குதான் தெரிஞ்சுதா? சீ! கூட்டிட்டுப் போங்க இந்த ஆளை. பக்கத்துல நிக்கவே அருவருப்பா இருக்கு."

வேனில் ஆள் மாறியது. ஏட்டு தலையைக் குனிந்தபடி புறாக்காரரின் கட்டை அவிழ்த்தார்.

இன்ஸ்பெக்டர் தங்கையிடம் போய்க் குனிந்து இரண்டே வாக்கியம் சொன்னாள்.

அவள் திரும்பினாள். எழுந்தாள். தள்ளாடி வந்து, கயிறு அழுத்திச் சிவந்திருந்த அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சுடுண்ணா..."

"விடும்மா... விடு!" அவர் உடைந்து அழுதார். போலீஸ்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

மேனேஜர் மட்டும் காகிதத்தோடு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மேடம், மேடம்! குற்றவாளியைத்தான் பிடிச்சாச்சே... இப்ப கேட்டைத் திறக்கலாமில்ல?"

"கதவு திறக்குமான்னு தெரியாத எடத்துக்குள்ள நாப்பதாயிரம் பேரா? வயரைப் போடுங்க, அப்புறம் பேசலாம். இன்னிக்குக் கேட் திறக்காது."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க! ஏற்கெனவே சிக்னல் மறுபடி அறுபதுக்கு விழுந்துடுச்சு. ஒரே ஒரு கையெழுத்து மேடம்... ப்ளீஸ்!"

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து மேற்குக் கூரையைப் பார்த்தாள். லேசர் பெட்டியின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது ஒரு புறா.

"கையெழுத்துதானே சார்? மேல போய்ப் பாருங்க... அது போட்டுடுச்சு!"