நானூற்று ஒன்றாவது முள்

மூன்று நாளாகியும் கணவாய்த் துண்டுகள் நிறம் மாறிக்கொண்டுதான் இருந்தன.

செத்த கணவாயின் தோல் கொஞ்ச நேரம் மினுங்கும். சாம்பல்துறையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். புள்ளி புள்ளியாகச் சிவந்து, வெளுத்து, ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் இந்த நானூறு துண்டும் மூன்று நாளாக உப்பில் கிடந்தவை. விடிகாலையில் ஜாபஸ் ஹாட்சர் இரைக்கொட்டகைக்குள் நுழைந்ததும் தொட்டி முழுக்க ஒரே நொடியில் செங்கல் நிறமானது. ஒரு எட்டு பின்னால் வைத்தான். வெளுத்தது. முன்னால் வைத்தான். சிவந்தது.

"வெட்கத்தப் பாரு சனியனுக்கு," என்று தொட்டிக்குள்ளேயே காறித் துப்பினான்.

ஜாபஸ் அப்படிப்பட்ட ஆள். நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரை முழுவதிலும் அவன் மதித்த மனிதன் ஒருவன்தான். அவனைச் சவரக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வான். பாதிரியார் அவனுக்குச் சோற்று மூட்டை, பக்கத்து வீட்டுக்காரர்கள் நத்தைகள், மனைவி கெசையா அழுமூஞ்சி. அவளுடைய தம்பி லைஜைப் பற்றி அவன் சொன்னதையெல்லாம் எழுத இங்கே இடம் போதாது.

அந்தக் கோடையில் கணவாய்க் கூட்டம் கரைக்கு வரவில்லை. கணவாய் இல்லாமல் தூண்டிலுக்கு இரை இல்லை, இரை இல்லாமல் காட் மீன் இல்லை. ஊரே கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, ஜாபஸின் கொட்டகைக்குப் பின்னால் கூழாங்கல் கரையில் ராட்சதக் கணவாய் ஒன்று ஒதுங்கியது. தோணி நீளம். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு கண். அதற்கு உயிர் இருந்தது. பார்க்க வந்தவர்கள் ஏனோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"தள்ளி விட்டுடு ஜாபஸ். இது நாம தொடுற சாமான் இல்ல," என்றார் கூட்டத்தில் ஒரு கிழவர்.

"போங்கடா, போய் அம்மா முந்தானையில ஒளிஞ்சுக்கோங்க," என்று கோடரியை எடுத்துவிட்டான். நானூறு துண்டாக வெட்ட வெட்ட, மாட்டுத் தொழுவம்போல மூத்திர நெடி கிளம்பியது.

அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. பருவத்தின் முதல் கணவாயின் தலையைக் கண்ணோடு கடலில் எறிந்துவிடுவார்கள். நம்மைப் பார்த்த கண்ணை இரையாக்கக் கூடாது என்பார்கள். ஜாபஸ் அந்தத் தலையையும் வாளியில் போட்டு வைத்துக்கொண்டான். இரை தீர்ந்தால் அதிலேயே ஐம்பது துண்டு தேறும் என்பது அவன் கணக்கு.

தோணிக்கு இரண்டு ஆள் வேண்டும். லைஜைத் தவிர யாரும் அவனோடு ஏற மாட்டார்கள். லைஜ் ஏறுவதும் அக்காவுக்காகத்தான். முப்பது வயதாகியும் இருமலுக்குத் திடுக்கிடுகிற ஆள். கடல்நாய் வேட்டைக்குப் போயிருந்தபோது யாரோ அவன் முன்கையில் நீல மையில் நங்கூரம் ஒன்றைப் பச்சை குத்திவிட்டார்கள். அது கோணிக்கொண்டு கோழிக்கால்போல ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஜாபஸ் அவனைக் 'கோழிக்கால்' என்றுதான் கூப்பிட்டான்.

படகுத்துறையில் கெசையா நின்றிருந்தாள். கயிறு உள்ளங்கையை அறுக்காமலிருக்கப் போட்டுக்கொள்ளும் கம்பளி வளையங்களைச் சிவப்பு நூல் ஓரம் வைத்துப் பின்னியிருந்தாள். அவற்றைத் தம்பியின் இரண்டு கையிலும் மாட்டிவிட்டாள்.

"ராத்திரியெல்லாம் இவன் தூங்கலைங்க. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்."

"விட்டுட்டு? குளிர்காலத்துக்குக் கல்ல வேகவச்சுத் திங்கறதா? இல்ல, உன் தம்பியத் தொட்டில்ல போட்டு ஆட்டப்போறியா?"

"எனக்குன்னு மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தன்தான். கூட்டிட்டுப் போறவரு கூட்டிட்டு வந்து என் கண்ணு முன்னால நிறுத்தணும். சொல்லிட்டேன்."

"நிறுத்துறேன், நிறுத்துறேன். இவன எவன் எடுத்துக்கப்போறான்? நாய்கூட மோந்து பாக்காது."

அவள் தோணியின் கட்டுக்கயிற்றை அவிழ்த்துத் தம்பியின் கையில் கொடுத்தாள். போகும்போது கொடுப்பதும், திரும்பும்போது அவன் நீட்டுவதை வாங்கிக் கட்டுவதும் அவள் வேலை.

ஒரே நீளக் கயிறு. அதில் ஒவ்வொரு கை நீளத்துக்கும் ஒரு கிளைக்கயிறு, அதன் நுனியில் ஒரு தூண்டில் முள். மொத்தம் நானூறு. அத்தனையும் ஜாபஸ் கட்டியவை. அவன் இடதுகைக்காரன் என்பதால் முடிச்சு மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும். இரை கோத்துக் கடலடியில் இறக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். மூடுபனி வந்தது.

"அத்தான், வாளியில இருக்கறது என்னையே பாக்குது."

"அழகப் பாக்குது. கண்ணு அவிஞ்சு போயிருக்கும்."

"கடல்ல போட்டுடவா?"

"கை வச்சே, உன்னையும் சேத்துப் போட்டுடுவேன்."

பிறகு கயிற்றை ஏற்ற ஆரம்பித்தார்கள். அந்த வேலையின் முறை இது: ஒருவன் முன்பக்கம் கடலைப் பார்த்து நின்று இழுப்பான், மற்றவன் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற கயிற்றைத் தொட்டியில் வட்டம் வட்டமாகச் சுற்றுவான். இழுப்பவன் பிடியை விட்டால் கயிறு திரும்ப ஓடிவிடும், அதனால் திரும்பிப் பார்க்க மாட்டான். பின்னால் ஆள் இருப்பது கயிற்றின் இழுப்பில்தான் தெரியும்.

ஐம்பது முள் ஏறியது. மீன் இல்லை. ஒரு துண்டைக்கூட எதுவும் கடிக்கவில்லை. ஒவ்வொரு துண்டும் தண்ணீரை விட்டு வெளியே வரும்போது வெள்ளையாக வந்தது, அவன் கைக்கு எட்டும் தூரத்தில் சிவந்தது.

"மூத்திரக் கணவாய மீன்கூட மதிக்கல பாரு. உன்ன மாதிரிதான்டா கோழிக்கால்."

"ஆமா அத்தான்."

நூற்றைம்பதில் பின்னால் வாளி சாய்ந்து உருளும் சத்தம் கேட்டது.

"கையில என்ன வெண்ணெயா? ஒரு வாளியப் பிடிக்கத் துப்பில்ல!"

"அத்தா..."

அவ்வளவுதான் வந்தது. கயிறு ஒருமுறை தொய்ந்தது. திட்டுவதற்கு ஜாபஸ் மூச்சை இழுப்பதற்குள் மறுபடி விறைத்துக்கொண்டது. பலகையில் எதுவோ ஈரமாக இழுபட்டது. பனி அவன் தாடியில் துளிகளாக நின்றது, மூத்திர நெடி பின்பக்கத்திலிருந்து முதுகில் சூடாக வந்து மோதியது, தொட்டியில் கயிறு வட்டம் வட்டமாக விழும் சத்தம் மட்டும் தொப், தொப் என்று ஒரே சீராகக் கேட்டது.

"வாயில என்னடா, கொழுக்கட்டையா?"

தொப். தொப். லைஜ் சுற்றினால் பத்து வட்டத்துக்கு ஒரு சிக்கல் விழும். இப்போது நூறு முள் ஏறியும் ஒரு சிக்கல் இல்லை. இழுக்கிற வேகத்துக்கு ஈடாக, ஏன், அவனை முந்திக்கொண்டே கயிறு பின்னால் போனது.

"இப்பத்தான்டா உனக்கு வேலை வருது," என்றான் ஜாபஸ். வாழ்நாளில் அந்த மனிதன் லைஜுக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அதுவும் போய்ச் சேரவேண்டிய இடத்தில் போய்ச் சேரவில்லை.

முந்நூற்றுத் தொண்ணூறு. எண்ணிக்கொண்டே வந்தான். நானூறு.

கயிறு முடியவில்லை.

நானூற்று ஒன்று. முடிச்சைப் பார்த்தான். எதிர்ப்பக்கச் சுற்று. அவனுடைய முடிச்சு. முள்ளில் இரை இல்லை, ஒரு கம்பளி வளையம் தொங்கியது. ஓரத்தில் சிவப்பு நூல்.

"லைஜ்?"

தொப்.

நானூற்று இரண்டு. சட்டைத் துணி.

"டேய் லைஜ். விளையாடாத. தம்பி..."

தொப். தொப்.

நானூற்று மூன்றில் இருந்தது தோல். வெள்ளையாக, சதுரமாக, அவன் கணவாயை வெட்டுகிற அதே அளவில் வெட்டிய தோல். அதில் நீல மையில் ஒரு கோழிக்கால். அது கைக்கு அருகே வந்ததும் மெல்லச் சிவந்தது.

கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். பின்னால் தொப் சத்தம் நின்றது. காத்திருக்கிறது.

ஊருக்குத் துடுப்பு போட வேண்டும். துடுப்பு போடுகிறவன் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். ஜாபஸால் முடியவில்லை. அவ்வூரில் யாரும் செய்யாத வேலையாக, முன்னால் பார்த்தபடியே நின்று, துடுப்புகளைத் தள்ளித் தள்ளிப் போட்டான். கோழை என்று எத்தனை பேரைச் சொல்லியிருப்பான்! மூத்திரம் காலோடு வழிந்தது அவனுக்கே தெரியவில்லை.

பத்துத் தள்ளுக்குப் பிறகு, பின்னால் இன்னொரு ஜோடித் துடுப்பு தண்ணீரில் இறங்கியது. அவனோடு ஒத்து. சீராக. தோணி பறந்தது.

துறைக்கு அருகே பனி கலைந்தது. படகுத்துறை நுனியில் கெசையா, வெள்ளைச் சமையல் ஏப்ரனோடு, கண்ணுக்குமேல் கை வைத்து நின்றாள்.

"வந்துட்டீங்களா? லைஜ்! ஏன்டா குனிஞ்சு உக்காந்திருக்க?"

ஓடிப் போ என்று கத்த ஜாபஸ் வாயைத் திறந்தான். அதற்குள் தோணி துறையின் மரத்தூணில் இடித்தது. பின்னால் ஏதோ எழுந்து நின்றது. தோணியின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் மேலே தூக்கியது. கெசையாவின் கண்கள் அவன் தலைக்கு மேலே போயின. இன்னும் மேலே. இன்னும்.

அவன் தோளை உரசிக்கொண்டு, செங்கல் நிறத்தில், நீளமாக, ஈரமாக அது முன்னால் வந்தது. நுனியில் சிவப்பு நூல் வைத்த மற்றொரு கம்பளி வளையம் மாட்டியிருந்தது. அந்த நுனி, லைஜ் தினமும் செய்வதைப்போலவே, கட்டுக்கயிற்றை அவளிடம் பதவிசாக நீட்டியது.

பழக்கதோஷம். கெசையாவின் கை ஏற்கெனவே நீண்டுவிட்டிருந்தது.