நாற்பத்தொன்றாம் குப்பி

திங்கட்கிழமை காலை பூட்டைத் திறந்ததும் ஆய்வுக்கூடத்தின் பழைய ரத்த வாடை முகத்தில் அடித்தது. லேப் சாருக்கு அது பழகிப்போன வாடை. இன்று அதோடு சூளைப் புழுதியும் மணத்தது.

இறந்தவள் செங்கல் சூளையில் கல் சுமந்தவள். இடுப்பு ஒடிந்தாலும் வேலை நிற்கக் கூடாதென்று, வேளைக்கு வேளை வலி மாத்திரையை அள்ளிக் கொடுத்தான் மேஸ்திரி. ஈரல் வெந்து, கண் மஞ்சளித்துச் செத்தாள். மேஸ்திரி, லேப் சாரின் மனைவிக்குத் தம்பி.

வெள்ளிக்கிழமை, சோதனைக்கு வந்த அவள் ரத்தத்தை லேப் சார் கழுவுதொட்டியில் ஊற்றினார். நாற்பத்தொன்று என்று அவள் எண் ஒட்டிய குப்பியில் தன் ரத்தத்தை நிரப்பினார். 'மருந்து இல்லை' என்று கையெழுத்தும் போட்டார்.

வேலையைத் தொடங்குமுன் இயந்திரத்தில் வெறும் தண்ணீரை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். மருந்து எதுவும் இல்லாததால் கோடு தட்டையாக வர வேண்டும்.

வரவில்லை. மலையாக எழும்பியது.

வலி மாத்திரை.

கழுவிவிட்டு ஓட்டினார். அதே மலை.

"என்ன சார், கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு?" துடைப்பத்தோடு வந்த அக்கா கேட்டாள். "தொட்டியில அப்படி என்னத்த ஊத்துனீங்க? தேச்சுத் தேச்சு என் கைதான் தேயுது. செங்கல் கறை போகல."

"வேலையைப் பாரு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவர் மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

"மாப்ள, என்னமோ சரியில்லடா."

"செத்தவளா வந்து ரிப்போர்ட்டப் படிக்கப் போறா? போய் டீ குடிங்க மாமா."

ஒரு மாத்திரைகூட அவர் விழுங்கியதில்லை. தன் ரத்தத்தை எடுத்து ஓட்டினார்.

மலை.

வலது விலாவுக்கடியில் சுருக்கென்றது. முதுகுக்குப் பின்னால் யாரோ கல் அடுக்கினார்கள்.

டக்.

டக்.

"உங்க ரத்தத்த என்னுதுன்னு கையெழுத்துப் போட்டீங்களே சார்," காதருகே மூச்சு சுட்டது. "நான் ஒத்துக்கிட்டேன்."

மூன்றாம் நாள் அவரும் ஈரல் வெந்து செத்தார். அவருடைய ரத்தம் அதே ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அவர் இடத்துக்குப் புதிதாக வந்த அம்மா குப்பியில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"நாற்பத்தொண்ணு போன வாரமே முடிஞ்சிருச்சே. திரும்ப யாரு ஒட்டினது?"

"எனக்குத் தெரியாதும்மா. பக்கத்துல இன்னொண்ணும் இருக்கு பாருங்க."

அதன் மூடியில் ஈரச் செங்கல் தூசியாய் ஐந்து விரல் தடம். சீட்டில் மேஸ்திரியின் பெயர்.

குப்பி இன்னும் காலியாகத்தான் இருந்தது.