நாற்பதடி நகர்ந்த முன்யேகா

விடுதிக் கதவு சுவரில் மோதிய சத்தத்தில் யூத்திமியோவின் காப்பி சிந்திவிட்டது.

"முன்யேகா போச்சு! எவனோ நகர்த்திட்டான்!" என்று கத்தியபடி ரோப்ளேதா ஊர்த்தலைவர் வெனான்சியோ உள்ளே பாய்ந்தார்.

பஸ் ஓட்டுநர் யூத்திமியோ தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்தவரை முன்யேகா என்றால் மணிக்கட்டு. இல்லாவிட்டால் பொம்மை.

"ஒரு பொம்மைக்கா தலைவரே இவ்வளவு கூச்சல்?"

"எல்லைக்கல்லுப்பா! பட்டணத்துக்காரனுக்கு எங்க தெரியப்போகுது!"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த, எல்லோரும் மரியாதையாகத் 'தோன்யா' என்றழைக்கும் கசில்தா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். அகராதிக்காக ஊர் ஊராகப் போய்ச் சொல் சேகரிப்பது அவள் வேலை. ஒரு வாரமாக அவளை ஏற்றித் திரிவது யூத்திமியோவின் வேலை.

"அந்தச் சொல்லுக்காகத்தான் வந்தேன்," என்றாள். "முதல்ல அது எல்லையில நட்ட கல்லு. அப்புறம் கல்லு மாதிரி புடைச்சு நிக்கிற மணிக்கட்டு எலும்பு. பொம்மை அதுக்கும் பின்னாடி வந்ததுன்னு படிச்சவங்க சொல்றாங்க. இங்கதான் இன்னும் கல்லை அப்படிக் கூப்பிடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். அது எப்ப நகர்ந்துச்சு?"

"காலையில நானே சுண்ணாம்பு அடிச்சேன். மதியம் தூங்கி எழுந்து பார்த்தா நாப்பதடி ஊருக்குள்ள நிக்குது. இந்த விடுதியே இப்போ பக்கத்து ஊர் பென்யால்பாவுல இருக்கு! நாளைக்கு ரெண்டு ஊரும் எல்லைக்கல்லை எல்லாம் நடந்து சரிபார்த்து, ஒண்ணா உக்காந்து ஆட்டுக்கறி சாப்பிடணும். இப்படியே போனா ஒருத்தரை ஒருத்தர்தான் கடிச்சுக்குவாங்க!"

யூத்திமியோ அவசரமாக ஒரு துண்டு சூடான ரொட்டி கேட்டான்.

"சூடால்லாம் கிடையாது. விருந்துக்கு நேத்தே சுட்டாச்சு, இன்னைக்கு ரொட்டி அடுப்பே மூட்டல," என்ற விடுதிக்காரி ஒப்தூலியா, இடது கையால் தட்டைத் தள்ளினாள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"கையில என்ன?"

"மதியம்தான் ரொட்டி அடுப்புல சுட்டுக்கிட்டேன். தின்னுட்டுக் கிளம்புய்யா."

கல்லருகே இரண்டு ஊராரும் கூடியிருந்தார்கள். பழைய குழியிலிருந்து கல் இழுபட்ட தடமும் கழுதைக் குளம்புத் தடமும் தெரிந்தன. பென்யால்பாவின் மாவு ஆலைக்காரன் லாசரோவை நாலு ரோப்ளேதா இளைஞர்கள் பிடித்து வைத்திருந்தார்கள்.

"கையைப் பாருங்க தோன்யா, சுண்ணாம்பு!" என்றான் அவர்களில் ஒருவன்.

கசில்தா அந்தக் கையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தாள். "கோதுமை மாவு. ஆலைக்காரன் கை கறுப்பாவா இருக்கும்? இவர் மேல ஏன் சந்தேகம்?"

"ஒப்தூலியாவை ஒன்பது வருஷமா பார்த்துக்கிட்டே நிக்கிறான்," என்றார் வெனான்சியோ. "வெளியூர்க்காரன் எங்க ஊர்ப் பொண்ணைக் கட்டினா, ஊர்த் தொட்டியில முக்கி எடுப்போம். அதுக்குப் பயந்தே வாயைத் திறக்கல. அவ வீடே அவன் ஊருக்குப் போயிட்டா யார் முக்குறது?"

லாசரோவின் முகம் மாவுக்கு அடியில் சிவந்தது.

"கல்லுக்குக் கீழே சாட்சி இருக்கணுமே?" என்றாள் கசில்தா.

"மூணா உடைச்ச ஓடு. ஒண்ணோடொண்ணு பொருந்தினாத்தான் அது அசல் இடம்," என்றார் வெனான்சியோ.

"என்ன ஓடு?" என்று விழித்தான் லாசரோ.

கல்லைச் சாய்த்தார்கள். அடியில் மூன்று துண்டுகள், கச்சிதமாகப் பொருந்தின. வெனான்சியோ அவற்றைத் திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்த்தார். யூத்திமியோ பழைய குழிக்கு ஓடி இரண்டு கையாலும் தோண்டினான். அங்கேயும் மூன்று துண்டுகள், பல காலத்து மண் ஒட்டியபடி.

"போலிச் சாட்சி!" என்று அவன் துள்ளினான். "ஆதாயம் லாசரோவுக்கு, அப்போ வேலையும் அவனோடதுதான்!"

"அவசரப்படாதே. தலைவரே, ஓட்டு விஷயம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"இங்கயே பிறந்தவங்களுக்குத்தான். சின்ன வயசுல எல்லை நடக்கிறப்போ சாட்சியைக் காட்டி, மறக்கக் கூடாதுன்னு கன்னத்துல ஒரு அறை விடுவாங்க. எனக்கு இன்னும் வலிக்குது!"

"லாசரோ?"

"இவன் வளர்ந்த ஆளா ஒன்பது வருஷம் முன்னாடி பென்யால்பாவுக்கு வந்தவன்."

"அப்போ அறை வாங்கல. ஓடுன்னதும் விழிச்சார். தெரியாதவர் எதுக்கு ஓடு புதைக்கணும்? இந்தப் புது ஓட்டைப் பாருங்க. உடைஞ்ச விளிம்பு செக்கச் செவேல்னு இருக்கு, அடிப்பக்கம் முழுக்கக் கரி. ரொட்டி அடுப்புப் புகைபோக்கி ஓடு. ஊருல ரொட்டி அடுப்பு எத்தனை?"

"ஒண்ணுதான்..."

"அந்த அடுப்பு இன்னைக்கு மூட்டவே இல்லைன்னு அதோட சொந்தக்காரியே சொன்னாங்க. மூட்டாத அடுப்புல யாருக்குக் கை சுடும்? கழுதையைப் பூட்டிக் கல்லை இழுக்கிறப்போ மணிக்கட்டு பிசகும். என்ன ஒப்தூலியா, முன்யேகாவை நகர்த்தப்போய் உங்க முன்யேகாவும் நகர்ந்துடுச்சா?"

எல்லாத் தலைகளும் திரும்பின. ஒப்தூலியா கன்னத்தைத் தடவிக்கொண்டாள், அந்தப் பழைய அறை நினைவுக்கு வந்ததுபோல.

"நீயா? சொந்த ஊர் மண்ணையா கொடுத்தே?" என்றார் வெனான்சியோ.

"ஒன்பது வருஷம் தலைவரே! இந்த மனுஷன் எல்லையைத் தாண்டி வந்து ஒரு வார்த்தை கேக்கல. அதான் எல்லையையே என் வீட்டைத் தாண்ட வெச்சேன்!"

கூட்டம் வாய் பிளந்தது. யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள். பிறகு பென்யால்பாக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். இளைஞர்கள் பிடியை விட்டார்கள். லாசரோ ஓடவில்லை. குனிந்து, நிதானமாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"கல்லைப் பழைய இடத்துலயே நட்டுருங்கப்பா," என்றான். " தொட்டியில தண்ணி இருக்குல்ல?"